மாடி வீட்டுக் குழாய்

வீட்டைப் பார்க்கப் போன அன்று டெய்லரக்கா அந்தக் குழாயைக் கவனிக்கவே இல்லை. பழைய வீட்டுக்காரர்கள் அதன்மேல் ஒரு துணிப்பையை மாட்டி வைத்திருந்தார்கள். பைக்குள் வெங்காயம். வெங்காயப் பை மாட்ட ஓர் ஆணி இருக்கிறது, நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். அவர்கள் காலி செய்து சாவி கைக்கு வந்த பிறகுதான் சங்கதி தெரிந்தது. கைமுட்டி பருமனுக்கு ஓர் இரும்புக் குழாய், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே, சுவரிலிருந்து ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நேராக நீட்டியிருந்தாலும் போகட்டும் என்று விடலாம். யாரோ போகிறபோக்கில் வழி காட்டின மாதிரி மேல்பக்கம் சாய்ந்து, கொஞ்சம் இடதுபக்கமும் ஒதுங்கி நின்றது. நுனியில், குழாயை விட அகலமாக, ஒரு திருகு மூடி.

மாடி வீட்டுக் கழிவுத் தண்ணீர் அந்தச் சுவருக்குள்தான் இறங்குகிறது. அடைப்பு வந்தால் மூடியைத் திறந்து கம்பி விட்டுக் குத்தி எடுக்க வேண்டும்.

"வேற எடமே கெடைக்கலையா அவனுக்கு?" என்றார் டைல்ஸ்காரர். "இதை வச்சவன் மட்டும் என் கையில கெடைச்சான்னா, அவன் மூக்குலயே ஒரு மூடியைப் போட்டு விட்ருவேன்."

குட்டையான மனிதர். காதில் பென்சிலும் வாயில் பேச்சும் எப்போதும் இருக்கும். சுவர் முழுக்க டைல் ஒட்டி, கீழிருந்து ஏழாவது வரிசையில் பாக்கி நின்ற குழாய்க்கு எதிரில் இடுப்பில் கை வைத்து நின்றார். மற்ற இடமெல்லாம் வெளிறின பச்சையில் பளபளவென்று இருக்க, குழாயைச் சுற்றி ஒரு டைல் அளவுக்கு மட்டும் சாம்பல் பூச்சு தெரிந்தது.

"பெட்டி மாதிரி கட்டி மறைச்சிரலாம்க்கா. மேல ஒரு பூந்தொட்டி வச்சீங்கன்னா யாருக்கும் தெரியாது."

மாடி வீட்டம்மா அதற்குள் படியிறங்கி வந்துவிட்டாள். சுத்தியல் சத்தம் கேட்டால் இறங்கி வருகிற பழக்கம் அவளுக்கு.

"மறைக்கிற வேலையெல்லாம் வேணாம். மழைக்காலத்துல அடிக்கடி திறக்கணும். நீங்க மறைச்சிட்டா எங்க வீட்டுத் தண்ணி உங்க வீட்டுலதான் வந்து நிக்கும். பரவாயில்லைன்னா கட்டிக்கோங்க."

"பரவாயில்லைன்னு யாராவது சொல்லுவாங்களாம்மா?" என்றார் டைல்ஸ்காரர்.

"அப்போ வெட்டி ஒட்டுங்க. அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டிருக்கு."

அவள் போனபிறகு டைல்ஸ்காரர் ஒரு டைலை எடுத்துச் சுவரோடு வைத்துப் பார்த்தார். பென்சிலால் வட்டம் போட்டார். வாசலில் குந்தி உட்கார்ந்து, வெட்டும் மெஷினை ஓடவிட்டு, மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுத்தார். வெள்ளைச் சேறு அவர் முழங்கால் வரை தெறித்தது. உள்ளே கொண்டுவந்து, மூடியைக் கழற்றிவிட்டுப் பொருத்தினால் மேலே இடித்தது, கீழே இரண்டு விரல் நுழையும் இடைவெளி விட்டது. மேலே இன்னும் கொஞ்சம் குறட்டால் கொறித்தபோது 'டிக்' என்று மூலையோடு போய்விட்டது. அடுத்ததை எடுத்தார். அதுவும் கையிலேயே இரண்டாகி, ஒரு பாதி தரையில் விழுந்து சிதறியது.

"இன்னும் எத்தனை இருக்குக்கா?"

பெட்டியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்தப் பச்சை இனிமேல் வராது என்று கடையில் முன்பே சொல்லியிருந்தார்கள்.

"இதையும் ஒடைச்சிட்டா நீங்க என்னை விட மாட்டீங்க," என்று அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "ஒரு ஹோட்டல் வேலை நடுவுல நிக்குது. அதை முடிச்சிட்டு நிதானமா வர்றேன். அவசரமா என்ன? குடி வர்றதுக்கு ஆளு நீங்க ஒருத்தர்தானே."

செருப்பை மாட்டும்போது அவர் வீட்டைத் திரும்பி ஒருமுறை பார்த்தார். "எங்க வீட்டுல நாலு பொண்ணு, மாமியார், மச்சினிச்சி. குளிக்கணும்னா முதல் நாளே பேரு சொல்லி வைக்கணும். இவ்வளவு பெரிய இடத்துல நீங்க மட்டும்! கேக்கவே குளுகுளுன்னு இருக்குக்கா."

அவர் போனபிறகு டெய்லரக்கா உடைந்த துண்டுகளைப் பெருக்கி அள்ளினாள். இரண்டு டைல் வீணாய்ப் போனதற்குத் தனக்கு வயிறு எரிய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. எரியவில்லை. மாறாக, பரீட்சை தள்ளிப்போன பிள்ளைக்கு வருகிற மாதிரி ஒரு நிம்மதி வந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. துடைப்பத்தை வைத்துவிட்டு வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுவர் முடிந்ததும் குடி வந்துவிடுவேன் என்று வீட்டில் சொல்லியிருந்தாள். சுவர் முடியவில்லை.

*

அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடவில்லை. இதைத்தான் தெருவில் யாரும் நம்பவில்லை. தம்பி பெண்டாட்டிக்கும் நாத்தனாருக்கும் ஆகவில்லை, அதுதான் தனியாகப் போகிறாள் என்று அவரவர் பங்குக்குப் பேசிக்கொண்டார்கள்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது தம்பி அரைக்கால் சட்டை போட்டுப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அவள் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூட யூனிஃபார்ம், திரைச்சீலை, தலையணை உறை என்று எது வந்தாலும் தைத்தாள். கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் அவன் படிப்பு முடியட்டும் என்றாள். பிறகு அவனுக்கு வேலை கிடைக்கட்டும் என்றாள். அவனுக்குப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக் வேலை கிடைத்து, கல்யாணமும் ஆனபிறகு, கேட்பதற்கு ஆள் இல்லாமல் போயிற்று. அவளும் அதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. தம்பிக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பிறந்தார்கள். இரண்டும் அவள் மெஷினின் மிதிகட்டையைப் பிடித்துத்தான் எழுந்து நின்று பழகின.

பிள்ளைகள் வளர்ந்ததும் மெஷின் கூடத்திலிருந்து பின்பக்க நடைக்குப் போயிற்று. படிக்கிற பிள்ளைகளுக்குச் சத்தம் ஆகாது, நியாயம்தான். அவளே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினாள்.

போன வருஷம் வீட்டுக்குச் சாப்பாட்டு மேசை வந்தது. கூடவே நான்கு நாற்காலிகள். கடையில் அப்படித்தான் விற்பார்கள் போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். எல்லோரும் ஆசையாக உட்கார்ந்தபிறகுதான் அவள் தட்டோடு நிற்பது தெரிந்தது.

"அக்கா, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கயேன்," என்றான் தம்பி.

ஸ்டூல் கொஞ்சம் உயரம். எல்லோரையும் விட அரை அடி மேலே உட்கார்ந்து குனிந்து சாப்பிட வேண்டியிருந்தது. "அத்தைதான் நம்ம வீட்டு ஜட்ஜு," என்றாள் தம்பி மகள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்று சாப்பிட்டது மட்டும் நெஞ்சுக்குள்ளேயே நின்றது. அடுத்த வாரம் துணி கொடுக்க வந்த ஒருத்தியிடம், "விலைக்கு ஏதாவது சின்ன வீடு இருந்தா சொல்லும்மா," என்றாள். தனக்குத்தானா கேட்கிறோம் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வீடு பேசி முடித்ததைச் சொன்ன அன்றோடு தம்பி அவளிடம் பேசுவதை நிறுத்தினான். சத்தம் போடவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. அவள் எதிரில் இருக்கும்போதே மனைவியைப் பார்த்து, "அக்காவுக்குக் குழம்பு வேணுமான்னு கேளு," என்பான். "வேணாம்னு சொல்லும்மா," என்பாள் அவள். தம்பி மனைவி நடுவில் கரண்டியோடு நிற்பாள்.

டைல் உடைந்த அன்று இராச் சாப்பாட்டின்போது டெய்லரக்கா பொதுவாகச் சொன்னாள். "டைல்ஸ் ஒடைஞ்சிடுச்சு. ஆளும் வேற வேலைக்குப் போயிட்டாரு. நாளாகும் போலிருக்கு."

தம்பி தலையைத் தூக்கினான். "பழைய வீடுன்னாலே அப்படித்தான்க்கா. இன்னிக்கு டைல்ஸு, நாளைக்குக் கூரை. ஒண்ணு மாத்தி ஒண்ணு இழுத்துக்கிட்டே இருக்கும்."

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளைப் பார்த்துச் சொன்ன வார்த்தைகள். அவளுக்கு உடம்பெல்லாம் சூடாயிற்று.

"ஆமாண்டா. நான்தான் யோசிக்காம எறங்கிட்டேன்."

"அதனால என்ன? வாடகைக்கு விட்டுடு. நான் ஆள் பாக்குறேன்."

மறுநாள் அவன் வேலையிலிருந்து வரும்போது அவளுக்குப் பிடித்த இனிப்பு பன் வாங்கி வந்தான். கையில் பணிமனைக் கிரீஸ் போகாமல், காகிதப் பையில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தது. அந்த வாரம் முழுக்க வீட்டில் பழையபடி பேச்சும் சிரிப்புமாக இருந்தது. டெய்லரக்கா புது வீட்டுப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டாள். போனாலும் ஜன்னலைத் திறந்து காற்று போக விட்டு, சுவரைப் பார்க்காமல் திரும்பிவிடுவாள்.

*

மழை பிடித்துக்கொண்டது. ஒரு மதியம் ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்க்க அவள் புது வீட்டுக்கு வந்திருந்தபோது வாசலில் யாரோ குடையை உதறும் சத்தம் கேட்டது. தம்பி மனைவி. இந்த வீட்டுக்குள் அவள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை.

"இந்தப் பக்கம் வந்தேன் அண்ணி. அப்படியே பாத்துட்டுப் போலாம்னு."

"வா, வா. உக்காரச் சொல்லக்கூட ஒண்ணும் இல்ல பாரு."

தம்பி மனைவி அறை அறையாகப் பார்த்தாள். அலமாரிக் கதவைத் திறந்து மூடினாள். சமையலறையில் டைல் ஒட்டின சுவரைக் கையால் தடவினாள்.

"கலர் நல்லாருக்கு. அழுக்குத் தெரியாது."

"ம்."

"இந்த ஒண்ணுதான் பாக்கியா?"

"ஆமா. அந்தக் குழாய் வழி விட மாட்டேங்குது."

தம்பி மனைவி குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேலே யாரோ வாளித் தண்ணீரைக் கவிழ்த்தார்கள். சுவருக்குள் 'கடகட'வென்று இறங்கிப் போயிற்று. அது அடங்கும்வரை காத்திருந்து, திரும்பாமலே கேட்டாள்.

"நின்னுட மாட்டீங்களே அண்ணி?"

"என்னது?"

"இங்க வர்றதை நிறுத்திட மாட்டீங்களேன்னு கேட்டேன்."

டெய்லரக்காவுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிடிபட்டபோது காது இரண்டும் அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"அவரு வாடகைக்கு ஆள் பாக்குறேன்னு சொன்னதுலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல," என்றாள் தம்பி மனைவி. இப்போது அழுதுகொண்டிருந்தாள். "நீங்க என்னைப் பாத்து ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல. உப்பு தூக்கலா இருந்தாக்கூட நல்லாருக்குன்னு சாப்பிட்டுட்டுப் போவீங்க. சண்டையாவது போட்டிருந்தீங்கன்னா எனக்குச் சுலபமா இருந்திருக்கும். அவரு எதை வாங்கிட்டு வந்தாலும் முதல்ல உங்க கையிலதான் குடுப்பாரு. அப்புறம்தான் எனக்கு. பிள்ளைங்களுக்குக் காய்ச்சல்னா, அக்காவைக் கேளும்பாரு. நான் பெத்தவ அண்ணி. எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷமா உங்க வீட்டுல நான் விருந்தாளி மாதிரி இருக்கேன். நல்ல மரியாதையான விருந்தாளி."

"நான் ஒண்ணும்..."

"நீங்க ஒண்ணும் பண்ணல. அதான் சொல்றேன். நீங்க போறேன்னதும் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அப்படி இருக்கேன்னு எம்மேலயே எனக்கு வெக்கமா இருந்துச்சு. ரெண்டும் சேர்ந்து பிச்சுத் தின்னுச்சு." மூக்கை உறிஞ்சினாள். "அந்த மேசை. கடைக்காரன் அஞ்சாவதா ஒரு நாற்காலி தர்றேன்னுதான் சொன்னான். இடம் பத்தாதுன்னு நான்தான் வேணாம்னுட்டேன். இடம் இருந்துச்சு."

மழை கூடியது. ஜன்னல் தகரத்தின்மேல் அது கொட்டுகிற சத்தத்தில் வேறு ஒன்றும் கேட்கவில்லை. டெய்லரக்கா தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திட்டலாம். நான் வளர்த்த பிள்ளை அவன், எங்கிருந்தோ வந்தவள் நீ என்று கேட்கலாம். தெருவில் இதே மாதிரி எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறார்கள். ஆனால் எதிரில் நின்றவளைப் பார்த்தபோது, முதன்முதலில் புதுப்பெண்ணாக வீட்டுக்குள் நுழைந்து, சொம்பு எங்கே இருக்கிறது என்று தன்னிடம் கேட்டுத் தண்ணீர் குடித்த முகம் நினைவுக்கு வந்தது. இவள் சொம்பு இருக்கிற இடத்தைச் சொன்னாள். அதை உனக்குப் பிடித்த இடத்தில் வைத்துக்கொள் என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் சொன்னதில்லை.

மூலையில் டைல் பெட்டிக்குள் வந்த பழுப்புக் காகிதம் சுருண்டு கிடந்தது. டெய்லரக்கா அதை எடுத்து உதறினாள். கடைசி டைலை அதன்மேல் வைத்து, அளவுக்குப் பென்சில் கோடு போட்டாள். பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள்.

"இந்தப் பக்கம் வந்து கொஞ்சம் பிடி," என்றாள்.

தம்பி மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். காகிதத்தைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியைக் குழாய்க்கு மேலும் மறுபாதியைக் கீழுமாக வைத்தார்கள். அவள் இரண்டு உள்ளங்கையாலும் காகிதத்தைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொள்ள, டெய்லரக்கா குழாயை ஒட்டி ஓரத்தைச் சின்னச் சின்னதாக வெட்டி மடக்கினாள். சட்டைக்குக் கை ஏற்றும்போது செய்கிற அதே வேலை. இரண்டு பேர் தலையும் ஒட்டிக்கொண்டு இருந்தன.

"டைல்ஸ்காரரு வட்டமா வெட்டியிருக்காரு. அதான் ஒடைஞ்சிருக்கு," என்றாள் டெய்லரக்கா. "குழாய் சாஞ்சுல்ல வருது. சட்டைக் கை சாஞ்சு எறங்கினா கைக்குழி எப்படி வட்டமா இருக்கும்? முட்டை மாதிரிதான் இருக்கும்."

"ம்."

"கீழே கொஞ்சம் தள்ளிப் பிடி. அங்க தூக்குது பாரு."

"இப்போ?"

"இப்போ சரி. அசையாதே."

இரண்டு பாதியையும் எடுத்துத் தரையில் சேர்த்து வைத்தபோது நடுவில் ஒரு நீள்வட்டம், ஒருபக்கம் சற்று உப்பி, அழகாக வந்திருந்தது. தம்பி மனைவி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணி, என்னை வெறுக்கறீங்களா?"

டெய்லரக்கா கத்தரிக்கோலை உறையில் போட்டாள். "இன்னிக்குக் கொஞ்சம் இருக்கு. போயிடும். நீ கெளம்பு. பிள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரம்."

*

"என்னக்கா இது, சுவத்துக்குச் சட்டை தைக்கறீங்களா?" என்று டைல்ஸ்காரர் சிரித்தார். பிறகு காகிதத்தைக் குழாயில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்.

டைலை நடுவில் இரண்டாக அறுத்தார். காகிதத்தை ஒட்டி, ஓரமாகக் கோடு கிழித்து, இந்தத் தடவை பேச்சே இல்லாமல் வேலை செய்தார். கோட்டுக்கு உள்ளே நெருக்கமாகப் பல கீறல்கள் போட்டு, பல் பல்லாகக் குறட்டால் ஒடித்து எடுத்து, உப்புத்தாளால் விளிம்பைத் தேய்த்தார். பின்பக்கம் பசை பூசிக் கீழ்ப் பாதியை முதலில் வைத்தார். அதன்மேல் மேல்பாதி வந்து உட்கார்ந்தது. குழாயைச் சுற்றி நகக்கண் அளவு இடைவெளிதான் இருந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல, நிதானமா பண்ணா வரும்னு," என்றார் டைல்ஸ்காரர். "காயட்டும். நாளைக்கு ஒயிட் சிமெண்ட் வச்சு அடைச்சிட்டேன்னா, குழாய் சுவத்தோடயே பொறந்த மாதிரி ஆயிடும்."

அவள் அவருக்கு டீ வாங்கிவரப் போனாள்.

குடிபோகிற அன்று ஒரு சின்ன வண்டியில் மெஷினும் கட்டிலும் இரண்டு பெட்டியும் ஏறின. பிள்ளைகள் அவளைக் கட்டிப்பிடித்தார்கள். தம்பி மகள், "ஞாயித்துக்கிழமை வந்துருவீங்கல்ல அத்தை?" என்று கேட்டாள். தம்பியைக் காணவில்லை. குளியலறைக் கதவு சாத்தியிருந்தது, உள்ளே குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

டெய்லரக்கா கதவுக்கு வெளியே நின்றாள். "நான் கெளம்புறேன்டா."

"குளிச்சிக்கிட்டிருக்கேன்."

அவன் காலையிலேயே குளித்துவிட்டான். துவைத்துப் போட்ட துண்டு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் வாளி நிரம்பித் தரையில் வழிகிற சத்தம் கேட்டது. வண்டிக்காரர் இரண்டாவது முறை ஹாரன் அடித்தார்.

"சரிடா. போயிட்டு வர்றேன்," என்றாள்.

*

தனி வீடு என்றால் அமைதியாக இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். அப்படி இல்லை. மாடியில் பல் விளக்குவதும், பாத்திரம் கழுவுவதும், பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றுவதும் சுவர் வழியாக அவள் வீட்டுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தன. அவள் வீட்டில்தான் சத்தம் இல்லை. முன் அறையில் மெஷினைப் போட்டாள். துணி கொடுப்பவர்கள் வந்தார்கள், போனார்கள். பகல் எப்படியோ ஓடிவிடும். விளக்குப் போடுகிற நேரம்தான் சிரமம். அந்த நேரத்தில் பிள்ளைகள் பையை வீசிவிட்டுப் பசி என்று கத்துவார்கள். இப்போது கத்திக்கொண்டிருப்பார்கள். அவள் நூலைக் கடித்து அறுத்துவிட்டு, "ஆச்சு, பொத்தான் மட்டும்தான் பாக்கி," என்று வாய்விட்டுச் சொல்வாள். சொல்லிவிட்டு, யாருக்குச் சொன்னோம் என்று சுற்றிலும் பார்ப்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போனாள். தம்பி அன்றைக்கென்று பணிமனையில் வேலை வைத்துக்கொண்டான். தம்பி மனைவி சமையலறையைத் திருப்பிப் போட்டிருந்தாள். மசாலா டப்பாக்கள் எல்லாம் வேறு அலமாரித் தட்டில் இருந்தன. உப்பு எங்கே என்று டெய்லரக்கா கேட்க வேண்டியிருந்தது. இரண்டு பேருமே ஒரு கணம் தயங்கி, பிறகு சிரித்தார்கள்.

மழை முடிகிற சமயத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் மெஷினில் உட்கார்ந்து பார்த்தாள், கண்ணுக்கு ஊசித்துளை தெரியவில்லை. கதவைத் தாழ் போட்டுவிட்டுப் படுத்தாள். அப்புறம் பகலும் இரவும் கலந்துவிட்டன. போனை எடுத்துத் தம்பி எண்ணை அழுத்தப் போய், அழுத்தாமல் தலையணைக்குக் கீழே வைத்தாள். தண்ணீர்க் குடம் சமையலறையில் இருந்தது. அது வெகு தூரத்தில் இருக்கிற மாதிரி பட்டது.

கதவு இடிபடும் சத்தம் கேட்டபோது மாடியிலிருந்து வருகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். சுவரைப் பிடித்து, மெஷினைப் பிடித்து, வாசலுக்கு வந்து தாழை நீக்குவதற்குள் முட்டி மடிந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மாடி வீட்டம்மா கதவை மெல்லத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"அடப் பாவமே! ரெண்டு நாளா மெஷின் சத்தமே இல்லையேன்னு பாத்தேன். எவ்வளவு நேரமாத் தட்டறேன் தெரியுமா? ஒடம்பு இப்படிக் கொதிக்குது!"

கஞ்சி கொடுத்து மாத்திரை போட வைத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டு, மாடி வீட்டம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "தனியா இருக்கறவங்க ஒரு சாவியை யாருகிட்டயாவது குடுத்து வைக்கணும். தாழ் போடாம பூட்டிக்கிட்டுப் படுங்க. எங்கிட்ட வேணும்னாலும் குடுங்க. நான் என்ன, உங்க வீட்டைத் தூக்கிக்கிட்டா போயிடப் போறேன்?"

"குடுக்கறேன்," என்றாள் டெய்லரக்கா. நெற்றித் துணியைச் சரிசெய்துகொண்டு, "ஆனா மொதல்ல ஒருத்தனைக் கேட்டுட்டு," என்றாள்.

*

உடம்பு தேறி, கால் நிலைத்தபிறகு ஒரு சாயங்காலம் பழைய வீட்டுக்குப் போனாள். தம்பி இருக்கிற நேரமாகப் பார்த்தே போனாள். அவன்தான் கதவைத் திறந்தான். மெலிந்து, கண்ணுக்குக் கீழே கருத்து நின்ற அவளையும், தோளில் தொங்கின பையையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகம் ஒரே நொடியில் சின்னப் பிள்ளை முகமாகிவிட்டது.

"வந்துட்டியாக்கா?"

உள்ளே சமையலறை வாசலில் தம்பி மனைவி கரண்டியோடு அசையாமல் நின்றாள்.

"இல்லடா," என்றாள் டெய்லரக்கா. "இதைக் குடுத்துட்டுப் போக வந்தேன்."

பைக்குள் கைவிட்டு, பூட்டோடு வந்த இன்னொரு சாவியை எடுத்து நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"உன் வீட்டுச் சாவி எனக்கெதுக்கு?"

"காய்ச்சல்ல படுத்திருந்தேன். கதவைத் திறக்கக்கூட எழுந்திருக்க முடியல. மாடி வீட்டம்மா தட்டித் தட்டி, நான் நகந்து போய்..."

"எப்போ? ஏன் சொல்லல?"

"போன் எடுத்தேன். நீ எடுப்பியோ மாட்டியோன்னு வச்சிட்டேன்."

அவன் நிலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். பின்னாலிருந்து தம்பி மனைவி தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"வாங்கிக்கோங்க."

அவன் கையைச் சட்டையில் இரண்டு தடவை துடைத்துவிட்டு வாங்கினான். வண்டிச் சாவிக் கொத்தை எடுத்து, வளையத்தைப் பிரித்து அதில் கோக்கப் பார்த்தான். நகமெல்லாம் தேய்ந்த கை, வளையம் பிரியவில்லை. அவள் உதவிக்குக் கை நீட்டவில்லை. மறுபடி மறுபடி முயன்று, பல்லால் கடித்துப் பிரித்து, ஒருவழியாக ஏற்றினான்.

"சாப்பிட்டுட்டுப் போங்க அண்ணி," என்றாள் தம்பி மனைவி.

"இன்னொரு நாள் வர்றேன்மா. சோறு வச்சிட்டு வந்திருக்கேன்."

அவள் படியிறங்கித் தெருவுக்கு வந்துவிட்டாள். பின்னாலிருந்து அவன் கூப்பிட்டான்.

"அக்கா, எந்தப் பக்கம் திருப்பணும்?"

"வலது பக்கம். கொஞ்சம் மேல தூக்கிப் பிடிச்சுத் திருப்பு, இல்லன்னா மாட்டிக்கும்."

அவன் வாசலில் நின்றபடியே சாவியைக் காற்றில் நீட்டி, லேசாக மேலே தூக்கி, வலது பக்கம் திருப்பிப் பார்த்தான்.